மயலின் உறையை நரம்போடு பிடித்து வைத்திருப்பது எது?

என்னிடம் உயர்தர உயிரியல் படித்து, இப்போது மருத்துவ பீடத்தில் இரண்டாம் ஆண்டில் இருக்கும் ஒரு பிள்ளை போன கிழமை இப்படி எழுதியிருந்தார்:

"சேர், மயலின் உறை நரம்பிழையைச் சுற்றி உருவாகிறது என்று படித்துவிட்டோம். ஆனால் எதைச் சுற்றவேண்டும், எங்கே நிறுத்தவேண்டும் என்று அந்த உறையைப் போடும் சுவான் கலத்துக்கு எப்படித் தெரியும்? கலங்களை ஒட்டும் மூலக்கூறுகளுக்கு இதில் பங்குண்டு என்று குறிப்பில் ஒரே ஒரு வரி இருக்கிறது. அவை வெறும் பசைதானா? இன்னொரு காரணத்துக்காகவும் கேட்கிறேன். என் மாமாவுக்குக் கையும் காலும் பலமிழந்துவிட்டன. ஐவிஐஜி (தானம் கொடுத்தவர்களின் இரத்தத்திலிருந்து எடுத்த பிறபொருளெதிரிகளை நாளத்தால் ஏற்றும் மருந்து) ஏற்றியும் சுகமில்லை. முதலில் மயலின் அழிகிறது என்றார்கள். இப்போது கணுவுக்குப் பக்கத்தில் பிடி விட்டுப்போயிருக்கிறது என்கிறார்கள். வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை."

பசை என்ற சொல்லை முதலில் தள்ளி வைப்போம், பிள்ளை. பசைக்கு ஆள் தெரியாது. காகிதமானாலும் மரமானாலும் ஒட்டும். ஒட்டியதோடு அதன் வேலை முடிந்தது. இந்த மூலக்கூறுகள் ஆளைப் பார்த்துத்தான் கைபிடிக்கும். பிடித்ததும் கலத்தின் உள்ளே தகவல் போகும். நேரம் வந்தால் சில கைகளை விட்டுவிடும். எந்தக் கை எந்த இடத்தில் பிடிக்கிறது, எப்போது விடுகிறது என்பதில்தான் மயலினாக்கத்தின் முக்கால்வாசிக் கதை இருக்கிறது. மாமாவின் நோயும் அங்கேதான் இருக்கிறது.

உறை எதற்கு என்பது உங்களுக்குத் தெரியும், வீட்டாருக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தெஹிவளையிலிருந்து கோட்டைக்கு வரும் ரயில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு என்று எல்லா இடத்திலும் நின்றால் எவ்வளவு நேரம் பிடிக்கும்? நடுவில் நிற்காமல் வந்தால் எவ்வளவு? உறையில்லாத மெல்லிய நரம்பிழையில் செய்தி செக்கனுக்குச் சுமார் 1 மீற்றர் வேகத்தில் ஊர்ந்து போகிறது. தடித்த உறையுள்ள இழையில் அது 100 மீற்றரையும் தாண்டும். உறை தொடர்ச்சியாக இருப்பதில்லை. ஒரு மில்லிமீற்றருக்கு ஓர் இடம் என்ற கணக்கில் சின்ன இடைவெளி விட்டிருக்கும். அதுதான் இரன்வியரின் கணு. ஒரு கணுவின் நீளம் ஏறத்தாழ 1 மைக்கிரோமீற்றர்தான். சோடியத்தை உள்ளே விடும் புரத வாயில்களான சோடியம் கால்வாய்கள் அங்கேதான் நெருக்கமாகக் கூடியிருக்கின்றன, ஒரு சதுர மைக்கிரோமீற்றருக்குள் ஆயிரத்துக்கு மேல். மின்சைகை கணுவிலிருந்து கணுவுக்குத் தாவுகிறது.

1954இல் பெற்றி கெரன் கோழிக்குஞ்சுக் கருவின் நரம்பை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்து, மயலின் என்பது சுவான் கலத்தின் மென்சவ்வு சுருளாகச் சுற்றியதுதான் என்று காட்டினார். பாய் சுருட்டுவதைப் போல என்று நாங்கள் வகுப்பில் சொல்வோம். ஆனால் பாயில் வெளி ஓரத்தைப் பிடித்துச் சுருட்டுகிறோம். இங்கே நகர்வது உள் ஓரம். நரம்பிழையை ஒட்டியிருக்கும் அந்த நுனி, ஏற்கெனவே போட்ட சுற்றுகளுக்கு அடியால் தன்னை நுழைத்துக்கொண்டு மறுபடி மறுபடி வலம்வருகிறது. அப்படியென்றால் அந்த நுனிக்கு இரண்டு வேலை. நரம்பிழையை விடாமல் பிடிக்கவும் வேண்டும், அதன்மேல் வழுக்கிக்கொண்டு நகரவும் வேண்டும். பசையால் இதைச் செய்யமுடியாது. நடக்கிறவன் ஒரு காலை ஊன்றி மற்றக் காலை எடுக்கிறானே, அந்த மாதிரிப் பிடிதான் இங்கே தேவை.

சரி, எதைச் சுற்றுவது? கருவில் நரம்பிழைகள் கட்டுக்கட்டாக வளர்கின்றன. சுவான் கலங்கள் அந்தக் கட்டுக்குள் கையை நுழைத்து, தடித்த இழைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கின்றன. கடைசியில் ஒரு கலத்துக்கு ஓர் இழையின் ஒரு துண்டு என்று கணக்கு வந்து நிற்கும். சுற்றயல் நரம்பில், அதாவது மூளைக்கும் முண்ணாணுக்கும் வெளியே உள்ள நரம்பில், சுமார் 1 மைக்கிரோமீற்றரும் அதற்கு மேலும் விட்டமுள்ள இழைகளுக்குத்தான் இந்த உறை கிடைக்கும். இப்படிப் பிரித்தெடுக்க சுவான் கலத்துக்குக் கால் ஊன்ற ஓர் இடம் வேண்டும். அதன் வெளிப்பக்கத்தில் இருக்கும் அடித்தள மென்சவ்வுதான் அந்த இடம். அங்கே லாமினின் என்ற புரதம் இருக்கிறது. சுவான் கலத்தின் இன்டெக்ரின்களும் டிஸ்ட்ரோகிளைக்கன் என்ற இன்னொரு புரதமும் லாமினினைப் பற்றிக்கொள்கின்றன. நரம்புகளில் உள்ள லாமினின் வகையின் பரம்பரை அலகு பழுதான குழந்தைகளுக்குத் தசைநலிவு வருகிறது. நரம்பு உறையிலும் குறை இருக்கும். எலிகளில் பார்த்தால், பிரித்தெடுக்கப்படாத இழைகள் கட்டாகவே, உறையில்லாமல் கிடக்கின்றன.

இந்த வெளிப்பிடியைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு எப்போதும் ஹெந்தளை ஞாபகம் வரும். கொழும்புக்கு வடக்கே, வத்தளைப் பக்கம். ஒல்லாந்தர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே தொழுநோயாளருக்கு ஓர் ஆஸ்பத்திரி கட்டினார்கள். தொழுநோயில் தோல் மரத்துப்போவது ஏன் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. கிருமியை ஹன்சன் கண்டது 1873இல். அது ஏன் நரம்பைத் தேடிப்போகிறது என்பது 1990களின் பிற்பகுதியில்தான் தெளிவாயிற்று. நரம்பில் உள்ள லாமினினைக் கிருமி தன் மேல் ஒட்டிக்கொள்கிறது. அந்த லாமினின் வழியாக சுவான் கலத்தின் டிஸ்ட்ரோகிளைக்கனைப் பிடித்து உள்ளே போகிறது. குழந்தையின் நரம்பில் உறை உருவாக எந்தக் கைப்பிடி உதவியதோ, அதே கைப்பிடியில்தான் கிருமியும் ஏறுகிறது. இலங்கையில் இன்றைக்கும் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளர் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். மேல் மாகாணத்தில் அதிகம். மருந்து இலவசம், நோய் முற்றாகக் குணமாகும். உணர்ச்சியில்லாத வெளிறிய தேமலை யாரிடமாவது கண்டால் வெட்கப்படாமல் காட்டச் சொல்லுங்கள். நரம்பு கெடுவதற்கு முன் போகவேண்டும், அவ்வளவுதான்.

பிரித்தெடுத்தாயிற்று. இனிச் சுற்றலாமா வேண்டாமா என்பதை நரம்பிழை சொல்லும். நியூரெகியூலின் என்ற புரதத்தின் ஒரு வகை நரம்பிழையின் மேற்பரப்பிலேயே பதிந்திருக்கிறது. அது எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து உறை தடிக்கும் அல்லது மெலியும் என்று 2004இல் எலிகளில் காட்டினார்கள். இதை ஒட்டு மூலக்கூறு என்று யாரும் வகைப்படுத்துவதில்லை. ஆனாலும் அது கரைந்து மிதந்து வரும் செய்தி இல்லையே, தொட்டால்தான் கிடைக்கும். தொட்டபடி இருப்பதற்கு ஒட்டு மூலக்கூறுகள் வேண்டும். அதனால் இரண்டையும் தனித்தனிப் பாடமாகப் படிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

அந்தத் தொடுகையில் ஒரு சோடி உண்டு: நரம்பிழையில் நெக்டின் போன்ற புரதங்களில் முதலாம் எண், சுவான் கலத்தில் அதே குடும்பத்தின் நான்காம் எண். 2007இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இந்தச் சோடியைக் கண்டன. வளர்ப்பூடகத்தில் நான்காவதைக் குறைத்தபோது மயலினாக்கம் தடைப்பட்டது. ஆனால் பின்னர் அது இல்லாமலே பிறக்கச்செய்த எலிகளில் உறை உருவாகத்தான் செய்தது. அளவுக்கு மீறித் தடித்தும் மடிந்தும் கோணலாக இருந்தது. பரீட்சைக்கு எழுதும்போது இதை மறக்காதீர்கள். ஒரு மூலக்கூறு, ஒரு வேலை என்று எழுதுவது சுலபம். உடலில் ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் அந்த வேலையை அரைகுறையாகவாவது செய்துவிடுவார்.

இப்போது கைவிடும் கதைக்கு வருகிறேன். இந்தத் துறையில் முதலில் கண்டெடுத்த மூலக்கூறுகளில் ஒன்று என்-காம். 1970களில் ஜெரல்ட் எடல்மனின் ஆய்வுகூடத்தில் அடையாளம் கண்டார்கள். பிறபொருளெதிரிகளின் கட்டமைப்பைக் கண்டறிந்ததற்காக 1972இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். அதில் ஓர் அழகு இருக்கிறது. கலங்களை ஒட்டும் புரதங்களில் ஒரு பெரிய குடும்பத்துக்கு, பிறபொருளெதிரிகளில் இருக்கும் அதே மடிப்புகள்தான் கைகளாக அமைந்திருக்கின்றன. என்-காம் வளரும் நரம்பிழைகளில் நீளமான சியாலிக் அமிலச் சங்கிலிகளைச் சுமந்திருக்கும். அந்தச் சங்கிலிகள் நீரை ஈர்த்து, மின்னேற்றத்தால் மற்றக் கலங்களை எட்டத்தில் நிறுத்தும். இழை தன் இலக்கைத் தேடி வளரும் காலத்தில் யாரும் அதைக் கட்டிப்பிடிக்கக்கூடாது அல்லவா? வளர்ந்து முடிந்ததும் சங்கிலிகள் மறைகின்றன, உறை போடும் கலம் நெருங்கலாம். மல்ற்றிப்பிள் ஸ்கிளெரோசிஸ் நோயில், மயலின் இழந்த மூளை இழைகள் சிலவற்றில் இந்தச் சங்கிலிகள் திரும்பவும் தோன்றியிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். மூளை தன் உறையைத் திரும்பப் போட்டுக்கொள்ளத் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எல்1 என்ற இன்னொன்று, சுவான் கலம் முதல் ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று போடும்வரை இரு பக்கத்திலும் இருக்கும். அப்புறம் ஒதுங்கிவிடும். அதன் இடத்துக்கு, நரம்பிழையை நேராகப் பார்த்தபடி இருக்கும் மென்சவ்வில், மாக் என்ற புரதம் வருகிறது. இழையின் மேற்பரப்பில் உள்ள கங்கிளியோசைட்டுகள் என்ற, சர்க்கரை சேர்ந்த கொழுப்புகளை அது பிடிக்கும். இழைக்கும் உறைக்கும் நடுவில் சுமார் 12 முதல் 15 நனோமீற்றர் இடைவெளியைக் கடைசிவரை ஒரே அளவில் பேணுவதில் அதற்குப் பங்குண்டு. மாக் இல்லாத எலிகளை 1994இல் உருவாக்கியபோது பலரும் மயலின் இருக்காது என்று எதிர்பார்த்தார்கள். இருந்தது, கிட்டத்தட்ட ஒழுங்காகவே. ஆனால் வயது போகப்போக உள்ளேயிருந்த நரம்பிழைகள் நலியத் தொடங்கின. உறை வெறும் காப்பு இல்லை, உள்ளே இருப்பதைப் பேணுவதும் அதுதான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. முதியவர்களில் சிலருக்கு மாக்குக்கு எதிராகவே பிறபொருளெதிரி உருவாகி, பல ஆண்டுகளாகக் கால் மரத்து, நடை தள்ளாடும். அவர்களின் நரம்பை எடுத்துப் பார்த்தால் சுருளின் அடுக்குகள் விலகியிருக்கும்.

அடுக்குகளை ஒன்றோடொன்று இறுக்குவது யார்? சுற்றயல் நரம்பில் அது பீ-சீரோ. அந்த மயலினில் உள்ள புரதத்தில் பாதிக்கு மேல் இது ஒன்றுதான். மேலே சொன்ன பிறபொருளெதிரி மடிப்பில் (இம்யூனோகுளோபுலின் மடிப்பு) ஒன்றேயொன்றை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 1996இல் அதன் பளிங்கு அமைப்பைத் தீர்த்தபோது, நான்கு நான்காகக் கூடி எதிரே இருக்கும் அடுக்கின் நான்கைப் பற்றக்கூடியது என்று தெரிந்தது. சுருளின் ஒரு சுற்று அடுத்த சுற்றைத் தன்னைப்போன்ற கையாலேயே பிடிக்கிறது. சாற்கோ-மேரி-ரூத் என்ற பரம்பரை நரம்பு நோயின் ஒரு வகை இதன் பரம்பரை அலகில் வரும் பிழையால் வருவது. மூளையிலும் முண்ணாணிலும் பீ-சீரோ இல்லை. அங்கே வேறு புரதங்கள், வேறு கலம். ஒரே ஒலிகோடென்ட்ரோசைட்டு பல இழைகளுக்கு உறை போடும். 2012இல் அந்தக் கலங்களுக்கு உயிரில்லாத பிளாஸ்ரிக் இழைகளைக் கொடுத்தார்கள். போதிய தடிப்பு இருந்தால் அவற்றையும் சுற்றின! சுற்றுவது அவற்றின் இயல்பிலேயே இருக்கிறது. சரியான இழையை, சரியான நேரத்தில், சரியான எல்லைவரை சுற்றவைப்பதற்குத்தான் மேலே சொன்ன இத்தனை கைகளும்.

எல்லை என்று சொல்லிவிட்டேன். மாமாவின் விஷயம் இந்த எல்லையில்தான் இருக்கிறது, இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

சுருளின் இரண்டு ஓரங்களிலும், கணுவுக்குச் சற்று முன்னால், ஒவ்வொரு அடுக்கும் ஒரு சின்னக் கண்ணியாக முடிந்து நரம்பிழையைத் தொடுகிறது. புடவையின் கொசுவங்கள் வரிசையாக இடுப்பில் செருகியிருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் செருகலை மூன்று புரதங்கள் செய்கின்றன. நரம்பிழையில் காஸ்பரும் கொன்டாக்டின்-1உம் சோடியாக நிற்கும். எதிரே கண்ணியின் பக்கத்தில் நியூரோஃபாசின்-155. இங்கே இடைவெளி இரண்டு மூன்று நனோமீற்றர்தான், உறையின் நடுப்பகுதியில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. இந்த இறுக்கம் இரண்டு காரியம் செய்கிறது. மின்னோட்டம் உறைக்கு அடியால் கசிந்து போகாமல் தடுக்கிறது. அதோடு, கணுவில் இருக்கும் சோடியம் கால்வாய்களையும், உறைக்கு அடியில் சற்றுத் தள்ளி இருக்கும் பொற்றாசியம் கால்வாய்களையும் ஒன்றோடொன்று கலக்கவிடாமல் வேலியாக நிற்கிறது.

கணுவுக்குள் வேறு ஆட்கள்: நரம்பிழையில் நியூரோஃபாசின்-186, சுவான் கலம் வெளியே அனுப்பும் கிளியோமெடின். அவை சந்திக்கும் இடத்தில்தான் சோடியம் கால்வாய்கள் வந்து கூடுகின்றன. பொற்றாசியம் கால்வாய்களை அவற்றின் இடத்தில் காஸ்பர்-2 வைத்திருக்கிறது. அதற்கெதிராகப் பிறபொருளெதிரி வந்தவர்களுக்குத் தசைகள் ஓயாமல் துடிக்கும். ஆக, நரம்பில் எது எங்கே இருக்கவேண்டும் என்ற இட ஒழுங்கு முழுவதையும் இந்த ஒட்டு மூலக்கூறுகள்தான் வகுக்கின்றன.

2001இல் காஸ்பர் இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். உறை தடிப்பாக, பார்வைக்கு நன்றாகவே இருந்தது. ஆனால் ஓரக் கண்ணிகள் இழையைவிட்டு எழும்பியிருந்தன, சில பின்பக்கமாகத் திரும்பியிருந்தன. பொற்றாசியம் கால்வாய்கள் வேலி தாண்டிக் கணுவுக்கு அருகே வந்துவிட்டன. நரம்பின் வேகம் வெகுவாகக் குறைந்தது. எலிகள் நடுங்கித் தள்ளாடின. உறை அழியவில்லை, ஓரம் விட்டுப்போனதே அவ்வளவுக்கும் காரணம்.

மாமாவுக்கு நடந்திருப்பதும் பெரும்பாலும் இதைப்போன்றதுதான். உடலின் நிர்ப்பீடனத் தொகுதி நியூரோஃபாசின்-155க்கோ கொன்டாக்டின்-1க்கோ காஸ்பருக்கோ எதிராகப் பிறபொருளெதிரி செய்கிறது. இவற்றில் பெரும்பாலானவை ஐஜீஜீ4 என்ற வகையைச் சேர்ந்தவை. அந்த வகை, அழிக்கும் கலங்களையோ அழிப்புக்குத் துணைபோகும் நிரப்புப் புரதங்களையோ அவ்வளவாகக் கூப்பிடுவதில்லை. இரண்டு கைகளுக்கு நடுவே புகுந்து பிடியை விடவைக்கிறது. ஐவிஐஜி நன்றாக வேலை செய்வது பெரும்பாலும் அழிக்கும் கலங்களையும் நிரப்புப் புரதங்களையும் அடக்குவதால்தான். அடக்கவேண்டியது அங்கே இல்லையென்றால் மருந்து என்ன செய்யும்? மாமாவுக்கு ஐவிஐஜி பலன் தராததற்கு இதுதான் விளக்கமாக இருக்கவேண்டும். அதில் கொடுத்தவர்களின் பிழை இல்லை. மயலின் அழிவதாகச் சந்தேகிக்கும் இப்படியான நோயாளருக்கு முதலில் அதைக் கொடுப்பது வழக்கம்தான்.

முதலில் மயலின் அழிகிறது என்று சொன்னதற்கும் நியாயம் உண்டு. நரம்புக் கடத்தல் பரிசோதனையில் வேகம் குறைந்திருக்கும். உறை அழிந்தாலும் வேகம் குறையும், ஓரம் எழும்பினாலும் குறையும். கருவிக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். உள்ளே இருக்கும் இழையே கெட்டால் வேறு மாதிரி: சைகையின் உயரம் விழும், வேகம் பெரிதாக மாறாது. 1977, 78இல் நம் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இருபதுக்கு மேற்பட்ட இளம் பெண்களுக்குக் கைகால் பலமிழந்தது. பெரியபிள்ளையானபோது குடிக்கக் கொடுத்த நல்லெண்ணெயில் ட்ரைகிரெசைல் பொஸ்பேற்று என்ற நஞ்சு கலந்திருந்தது. அது இழையையே நுனியிலிருந்து கெடுக்கும் நஞ்சு. இழை செத்தால் அது திரும்ப வளரவேண்டும், மாதங்கள், ஆண்டுகள் ஆகும். பிடி மட்டும் விட்டிருந்தால் அப்படியில்லை. உறையும் இருக்கிறது, இழையும் இருக்கிறது. இடையில் புகுந்த பிறபொருளெதிரி குறைந்தால் திரும்பப் பிடிக்க வாய்ப்பு உண்டு. இதனால்தான் ஐரோப்பிய நரம்பியல் கழகமும் சுற்றயல் நரம்புச் சங்கமும் 2021இல் வெளியிட்ட வழிகாட்டலில் இவற்றைப் பழைய மயலின் அழிவு நோய்ப் பட்டியலிலிருந்து பிரித்து, தன்னுடல் தாக்கும் கணு நோய்கள் என்று தனியாக வைத்தார்கள். பிறபொருளெதிரியை உருவாக்கும் பி கலங்களைக் குறைக்கும் ரிற்றுக்சிமாப் என்ற மருந்துக்கு இவர்களில் பலர் நன்றாகத் தேறுகிறார்கள். ஆனால் பிடி விட்ட நிலையிலேயே நீண்ட காலம் கிடந்தால் உள்ளே இருக்கும் இழையும் நலியத் தொடங்கும். தாமதம்தான் நான் பயப்படும் விஷயம்.

டொக்டரைச் சந்திக்கும்போது, பிள்ளை, மாமியையும் கூட்டிக்கொண்டு போய் மூன்று விஷயம் கேளுங்கள். எந்தப் புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரி, அது எந்த வகை? கடத்தல் பரிசோதனையில் சைகையின் உயரம் இன்னும் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது? சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்த்தார்களா? மூன்றாவதை ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், கொன்டாக்டின்-1க்கு எதிரான வகையில் சிலருக்குச் சிறுநீரகமும் பாதிக்கப்படுகிறது. மாமாவின் கால் வீங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள். அறிக்கைகளின் பிரதி கிடைத்தால் ஞாயிறு காலை வெள்ளவத்தைக்குக் கொண்டுவாருங்கள், வீட்டில்தான் இருப்பேன். சிகிச்சையை டொக்டர்தான் முடிவுசெய்ய வேண்டும். அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்று மாமிக்குத் தமிழில் வரிவரியாகச் சொல்லித் தர என்னால் முடியும்.